ஆணியில் தொங்கிய பூ

சேலத்தில் காலை ஐந்தரை மணிக்கு ஓசூர் பேருந்தில் ஏறினேன். "இந்தத் தடவையாவது கெடைக்குமா?" என்று அம்மா வாசலிலேயே கேட்டுவிட்டார். ஓசூர் ஆலைகளில் வேலை பார்த்த பெண்களின் வரலாற்றை எழுதப் பணம் கேட்டு ஏறாத படியில்லை. அதில் என்ன வரலாறு இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கடைசியில் பெங்களூர் அறக்கட்டளை ஒன்று கொஞ்சம் இறங்கி வந்திருந்தது. அதன் அதிகாரி இன்று நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

கிருஷ்ணகிரியில் டீ பதினைந்து ரூபாய். வெந்நீருக்கு அது அதிகம். சூளகிரி தாண்டியதும் சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள். நூற்று அறுபது கிலோமீட்டர் கடந்து ஓசூரில் இறங்கும்போது மணி ஒன்பதரை.

சிப்காட்டுக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஓட்டுநர் ஒரு பயணியிடம் கன்னடத்திலும் இன்னொருவரிடம் தெலுங்கிலும் பேசிவிட்டு என்னிடம் தமிழுக்கு வந்தார்.

"இன்னா வேலையா வந்தீங்க மேடம்?"

"இங்க வேல செஞ்ச பொம்பளைங்க வரலாற எழுத."

"வரலாறுன்னா தொரப்பள்ளிக்குப் போங்க. பெரிய மனுசர் பொறந்த ஊரு. இங்க வெறும் கம்பெனிதான்."

எனக்குச் சுரீரென்றது. "கம்பெனி தானாவா ஓடுச்சு?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சில்லறையைக் கொடுத்தார்.

சிப்காட்டில் எனக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். சந்திரா அக்கா மத்தூர்க்காரர். அவருடைய தோழி ராஜேஸ்வரி அக்கா திருநெல்வேலிப் பக்கம். இருவரும் மின்னணுப் பாகங்கள் பூட்டும் ஆலையொன்றில் ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். அந்த ஆலையை மூடிவிட்டார்கள். இருவர் தலையிலும் கனகாம்பரம். கேட்டுக்கு வெளியே இருந்த பழைய சுவருக்கு என்னை அழைத்துப் போனார்கள். அதில் வரிசையாகத் துருப்பிடித்த ஆணிகள்.

"பூவுல தூசி இருக்கும்னு கேட்லயே கழட்டச் சொல்லிடுவாங்க," என்றார் சந்திரா அக்கா. "தூக்கிப் போட மனசு வருமா? ஆளுக்கொரு ஆணி அடிச்சிகினோம். சிப்டு முடிஞ்சி வந்தா வாடிக் கெடக்கும். அதையேதான் வெச்சிகினு பஸ் ஏறுவோம்."

ராஜேஸ்வரி அக்கா ஓர் ஆணியைத் தொட்டார். "என் வீட்டுக்காரர் எறந்ததும் ஊர்ல பூவக் கழட்டிட்டாக. காரியம் முடிஞ்சு வேலைக்கு வாரேன், என் ஆணியில பூ தொங்குது. இவதான் மாட்டிருக்கா. சிப்டு முடிஞ்சதும் அவளே எடுத்து என் தலையில வச்சா. அன்னையிலருந்து ஒரு நாளும் நான் விட்டதில்ல."

இதற்காகத்தான் இத்தனை பேரிடம் பல்லைக் காட்டினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு அதிகாரி காரில் வந்தார். மரியாதையான இளைஞர். வெள்ளைக் கோட்டுகள் கொண்டுவந்திருந்தார். அறக்கட்டளை அறிக்கையின் அட்டைக்கு, ஆலையில் இருந்த அதே கோலத்தில் படம் வேண்டுமாம். இருவரும் சிரித்தபடி கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

"பூவ மட்டும் எடுத்துடுங்கம்மா. அப்பதான் ஒரிஜினலா இருக்கும்."

சந்திரா அக்காவின் சிரிப்பு நின்றது. "அன்னிக்கு சூப்பர்வைசர் சொன்னாரு, கழட்டினோம். சம்பளம் குடுத்தாங்க, பொறுத்துகினோம். நீங்க யாரு தம்பி?"

"என்னையக் கழட்டச் சொல்லுத மூணாவது ஆளு நீங்க," என்றார் ராஜேஸ்வரி அக்கா. "மொதல்ல கம்பெனி, பெறவு சொந்தக்காரங்க. கம்பெனியவே மூடியாச்சு. நான் பூ வச்சிக்கிட்டுத்தான் நிக்கேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னா கேப்பாங்க மேடம்."

இரண்டு நிமிட வேலைதானே என்று எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. பொய் சொல்வானேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "பூவோடயே எடுங்க சார்."

அவர் அரை மனதாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கிளம்பினார். நாங்கள் சந்திரா அக்கா வீட்டில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில் சூளகிரி அருகே அதிகாரியின் அழைப்பு வந்தது. குரலில் உற்சாகம்.

"மேடம், ஓகே ஆயிடுச்சு! பூவ கம்ப்யூட்டர்லயே அழிச்சிக்கலாம்னுட்டாங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்க சரின்னு சொன்னா போதும்."

"எனக்குத் தெரியுமே சார்."

"பணம் போயிடும் மேடம்."

"போகட்டும். நீங்க அழிக்கச் சொல்றதுதான் சார் அந்தப் புஸ்தகத்தோட மொத அத்தியாயம்."

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன் போலிருக்கிறது. பணம் போன வருத்தம் தர்மபுரி வரை இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் ஓசூர் போவேன். பழைய தோழிகளை வரச் சொல்வது சந்திரா அக்கா பொறுப்பு. பேருந்துக் காசு என்னுடையது.

சேலத்தில் இறங்கி இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்குப் பூ வாங்குவதை நிறுத்தியிருந்தோம். அம்மாவை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே அவர் விட்டுவிட்டார், நானும் கேட்காமலே இருந்துவிட்டேன்.

"கெடைச்சுதா?" என்றார் அம்மா.

"இல்ல" என்றேன். சாவி மாட்டும் ஆணியில் பூவை மாட்டிவிட்டுக் கால் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது ஆணியில் சாவி மட்டும் இருந்தது.