ஆயிரத்து நூற்றெண்பத்தொன்பது பேர்

சட்டைத் தொழிற்சாலையில் அவருக்கு வாய்ப்பாடு என்று பட்டப்பெயர். பெட்டிக்கு எத்தனை சட்டை, லாரிக்கு எத்தனை பெட்டி என்று கணக்குப் போடுவது வேலை. கணிதத்தில் பட்டம் வாங்கியவர். அதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். கேட்டுவிட்டால் இரண்டு முறை சொல்லுவார்.

பகா எண் என்றால் உயிர். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மசியாத எண். அதிலும் பெரிதாகக் கிடைப்பது லேசில்லை. சாப்பாட்டு வேளையில் இதை அவர் ஆரம்பித்தாலே மற்றவர்கள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். அங்கேயே சரக்கு ஏற்றுகிறவர். தலையும் புரியாது, வாலும் புரியாது. தங்கச்சி புருஷன் பேசுகிறாரே என்று வாயைப் பிளந்து கேட்பார்.

ஆண்டு விழாவுக்கு எல்லோரையும் சம வரிசைகளில் நிறுத்தி, மேலிருந்து படம் எடுக்க மேனேஜர் ஆசைப்பட்டார். மொத்தம் 1189 பேர். எத்தனை வரிசை என்று வாய்ப்பாட்டைக் கேட்டார். அத்தனை பேரும் வெயிலில் நிற்க, இவர் இரண்டால், மூன்றால் என்று வகுக்க ஆரம்பித்தார். முப்பத்தைந்தை முப்பத்தைந்தால் பெருக்கினாலே 1189-ஐத் தாண்டிவிடும்; அதனால் முப்பத்தைந்துக்குக் கீழே இருக்கும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். இருபத்துமூன்று வரை வந்துவிட்டார். மிச்சம் இரண்டே எண்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இனி எங்கே வகுபடப்போகிறது என்று இவர் அத்தோடு நிறுத்தினார். இது பகா எண், ஒருவரை விட்டால் முப்பத்தாறு முப்பத்தாறாக முப்பத்துமூன்று வரிசை என்று அடித்துச் சொன்னார்.

யாரை விடுவது? யாரைச் சொன்னாலும் பொல்லாப்பு. சொந்தக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று மச்சானைக் கைகாட்டினார். புதுச்சட்டையோடு முன்வரிசையில் நின்ற மனிதர் மறுபேச்சில்லாமல் விலகி, மற்றவர்களின் பைகளுக்குக் காவல் உட்கார்ந்தார்.

அந்தப் படத்தை மச்சானும் வீட்டில் மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்ப்பாடு அங்கே போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் படத்தில் தேடிப் பார்த்துவிட்டு, இதில் உங்களைக் காணோமே என்று மச்சானைக் கேட்டார்.

"நான் விலகினதாலதான் படமே ஒழுங்கா வந்துச்சு. அந்த நம்பரை எதாலயும் வகுக்க முடியாது. மாப்ளே, இவருக்குப் போட்டுக் காட்டுங்க."

வாய்ப்பாடு செல்போனை எடுத்து வகுக்க ஆரம்பித்தார். புள்ளி வந்தால் வகுபடவில்லை என்று அர்த்தம் என மச்சான் விளக்கம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் புள்ளி வந்தது. ஒவ்வொரு தடவையும் மச்சானுக்கு முகம் மலர்ந்தது. இருபத்துமூன்று முடிந்தது. பெருமை பிடித்த கை அன்று நின்ற இடத்தில் நிற்கவில்லை. இருபத்தொன்பதைத் தட்டினார்.

நாற்பத்தொன்று என்று வந்தது.

அழித்துவிட்டு வேறு எதையாவது தட்டலாமா என்று வாய்ப்பாட்டுக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்கே உடம்பு கூசியது.

"புள்ளி வரலையே மாப்ளே," என்றார் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்த மச்சான்.

"வகுபடுது மச்சான். வரிசைக்கு நாப்பத்தொரு பேரா இருபத்தொம்பது வரிசை. அன்னைக்கு நான் முழுசாப் பாக்கல."

மச்சான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தெரிந்துகொள்ளக் கேட்பவரைப் போலத்தான் கேட்டார்.

"அப்போ எனக்கும் இடம் இருந்துச்சா?"

இருந்தது என்று வாய்ப்பாடு தலையாட்டினார். நிமிரவில்லை.