ஐந்து விதத் தரை

எங்கள் வீட்டில் மேஸ்திரியை முதலில் சந்தேகப்பட்டது அம்மாதான். நான் அவளிடமிருந்து தொற்றிக்கொண்டேன். ஆனால் எனக்கு வந்த பிறகு அது முற்றிப்போய்விட்டது.

தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்து, பன்னிரண்டு வருஷம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, மௌலா அலிப் பக்கம் அப்பா ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார். சுவர்ப் பூச்சு உப்புப் பூத்து, சாய்ந்து உட்கார்ந்தால் முதுகோடு வந்தது. தரையில் ஷாபாத் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடந்தது. சுவரைக் கொத்திப் புதிதாகப் பூசுவது, கல்லைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுவது என்று முடிவாயிற்று. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே வெள்ளைத் தரை. ஒரு முடி விழுந்தாலும் தெரிய வேண்டும் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

அப்பா தலையாட்டினார். அடுத்த வாரம் ஒரு கட்டம் போட்ட தாளோடு வந்தார். அதில் ஹாலுக்கு வழவழப்பான டைல்ஸ், நடைக்கு வரிவரியாகக் கோடு போட்டது, அடுப்படிக்குச் சொரசொரப்பு, படுக்கையறைக்கு மரப்பலகை மாதிரி, குளியலறை வாசலுக்கு, கார் நிறுத்தும் இடத்தில் போடுவார்களே அந்த முரட்டுக் கட்டம். ஆக, நாலரை அறைக்கு ஐந்து விதம்.

"வீடாங்க இது, டைல்ஸ் கடையா?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் வித்தியாசமா இருக்கட்டுமே" என்றார் அப்பா.

வித்தியாசம் என்ற சொல்லை அப்பா வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கெமிஸ்ட் அவர். ஒரே நீலத்தில் ஐந்து சட்டை வைத்திருந்த மனிதர். இது அவர் புத்தியில் உதித்ததே இல்லை, மேஸ்திரி வேலை என்று அம்மா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். மாதாப்பூர் ஃப்ளாட்டுகளில் மிச்சம் விழுந்த டைல்ஸ் பெட்டிகளை நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்பது அவள் கட்சி.

மேஸ்திரி தமிழர்தான். ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்த குடும்பத்தில் மூன்றாவது தலைமுறை. தமிழ் பேசுகிறார் என்பதற்காகவே அப்பா அவரைப் பிடித்தார். தமிழ் பேசி ஏமாற்றினால் வலி குறைவா என்று அம்மா கேட்டாள். அவரிடமே போய், "இந்த அஞ்சு தினுசு யார் யோசனை?" என்று அதட்டினாள்.

"நக்கோம்மா, கோபம் வேணாம். சார் சொன்னாரு, நான் போடுறேன். நம்ம கையில என்ன இருக்கு?" என்று அவர் கரணையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

முகத்தைப் பார்த்துப் பேசாதவன் திருடன்தான் என்று எனக்கு உறுதியாயிற்று. பத்து வயதில் எனக்கு நியாய உணர்ச்சி மிக அதிகம். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ் கடைக்கு அப்பாவோடும் மேஸ்திரியோடும் என்னை அனுப்பிய அம்மா, "ஏட்டி, ரெண்டு பேரும் என்ன பேசுதாங்கன்னு ஒண்ணு விடாம வந்து சொல்லணும்" என்று காதில் ஓதியபோது, எனக்கு உடம்பெல்லாம் பெருமை.

கடை வாசலில் அப்பா எனக்கு ஒரு பாதாம் பால் வாங்கிக் கொடுத்து, அங்கேயே உட்காரச் சொன்னார். அங்கேயே உட்கார நான் என்ன அவ்வளவு லேசுப்பட்டவளா? பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்றேன். தரையில் மாதிரி டைல்ஸ்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேஸ்திரி அவர் முழங்கையைப் பிடித்து ஒரு டைல்ஸிலிருந்து இன்னொன்றுக்கு நடத்திப் போனார். ஒவ்வொன்றிலும் அப்பா பாதத்தால் தடவிப் பார்த்து, "இது நடை", "இது அடுப்படி" என்று சொன்னார். ஒருமுறை தப்பாகச் சொன்னார். "இன்னொரு தடவ சார்" என்று மேஸ்திரி மறுபடியும் முதலிலிருந்து கூட்டிப் போனார்.

மேஸ்திரி அப்பாவுக்கு ஏதோ வசியம் வைத்துவிட்டார் என்பதில் சந்தேகமே இல்லை. பாதாம் பாலைக் குடிக்கவில்லை, அதிலும் ஏதாவது கலந்திருந்தால்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை அடுப்படியில் மடக்கி எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடியது, கையைப் பிடித்தது, காலால் தடவியது, ஒன்று விடவில்லை. நடித்தும் காட்டினேன். அம்மா கரண்டியோடு நின்றாள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் பார்க்கவில்லை.

"கண்ண மூடிக்கிட்டேவா?" என்றாள். "நல்லாப் பாத்தியா?"

"சத்தியமா."

அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் என்னையும் கூட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போனாள். இன்றைக்கு மேஸ்திரி தொலைந்தார் என்று நான் துள்ளிக்கொண்டு போனேன். அவளோ ஒவ்வொரு அறையாக மெதுவாக நடந்தாள். பிறகு அவர் முன்னால் வந்து நின்று, "சார் சொன்ன மாதிரியே அஞ்சும் போட்டுருங்க" என்றாள். "பூசும்போது சுவர் மூலையெல்லாம் கூர் இல்லாம உருட்டி விடுங்க. நான் சொன்னேன்னு அவுககிட்ட சொல்லாதீங்க."

மேஸ்திரி முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "ஹவ்ம்மா, சரிம்மா" என்றார்.

அம்மாவுக்கும் வசியம் வைத்தாயிற்று. வீட்டில் புத்தி தெளிவாக இருப்பது நான் ஒருத்திதான் என்ற கவலையில் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தபோது, "எனக்குத்தான் ஒரே மாதிரி போட்டாப் பிடிக்காது" என்று அவள் கூசாமல் பொய் சொன்னதை நான் மன்னிக்கவே இல்லை.

ஐந்து வருஷம் கழித்து அப்பா வேலையை விட்டார். அன்று சாயங்காலம் எங்களை உட்கார வைத்து, தன் பார்வை சுற்றிலுமிருந்து சுருங்கி வருகிறது என்றும், வீடு வாங்கிய வருஷமே டாக்டர் சொல்லிவிட்டார் என்றும், இன்னும் கொஞ்ச நாளில் முழுக்கப் போய்விடும் என்றும் சொன்னார். செத்துப்போன பெரியப்பாவுக்கு இருந்த அதே வியாதி. கல்யாணமாகி வந்த புதிதில், பெரியப்பா காலால் தரையைத் தடவித் தடவி நடந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். அது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று அம்மா அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, கண் படத்தைக் காட்டி, விழித்திரை என்றால் என்ன, அது எப்படிக் கெட்டுப்போகிறது என்று அவளுக்குப் புரியும்படி பொறுமையாக விளக்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். நடுவில் இரண்டு கேள்விகூடக் கேட்டாள்.