பவர் பத்தாத செட்டு

கருப்பண்ணனிடம் ஒரு குறையைச் சொன்னால், அது வேறெங்கோ இருக்கிறது என்று சாதித்துவிடுவான். மரவள்ளி சரியாகக் கிழங்கு வைக்கவில்லையென்றால் மழையைத் திட்டுவான். மிளகுக் கொடி காய்ந்தால், அது ஏறிய சில்வர் ஓக் மரத்துக்குத் திட்டு. தன் காட்டிலும் தன் வீட்டிலும் குறை என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது அவன் கட்சி. கொல்லிமலையில் அவனோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

மிளகு நல்ல விலைக்குப் போன ஒரு வருடம், சேந்தமங்கலத்தில் ஸ்டீரியோ செட் வாங்கினான். ஒரு கேசட் டெக், இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். லக்கேஜ் டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு சண்டை போட்டு, டெக்கை மடியில் வைத்துக்கொண்டே மலையேறினான். அந்தச் செட்டின் மேல் தூசி விழுந்தால் வீடே இரண்டாகும்.

"என்னைய விட அதுக்குத்தானுங்க கவனிப்பு அதிகம்" என்று அவன் மனைவி பாப்பாத்தி குத்திக்காட்டுவாள்.

பிறகு மகள் பிறந்தாள். வித்யாஸ்ரீ என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள். நாலு வயதாகியும் பிள்ளை வாயிலிருந்து அம்மா என்ற சொல் வரவில்லை. ஊசி போட வந்த நர்ஸம்மா ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு, "சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி காதைக் காட்டுங்க" என்றாள்.

"எங்க வகையறாவுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவோமுங்க" என்றான் கருப்பண்ணன். அந்த வகையறாவில் அப்படி யாரும் கிடையாது.

அவன் அப்படி அடித்துச் சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்தது. செட்டில் பாட்டு ஓடும்போது குழந்தை ஓடிவந்து ஸ்பீக்கர் பாக்ஸைக் கட்டிக்கொள்வாள். கன்னத்தை அதில் ஒட்டவைத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிப்பாள். காது கேட்காத பிள்ளை பாட்டுக்குச் சிரிக்குமா? ஆனால் அதே பிள்ளை வாசலில் விளையாடும்போது எவ்வளவு சத்தமாக வைத்தாலும் திரும்புவதில்லை. வால்யூமை முழுக்கத் திருகினால் பாக்ஸ் கரகரவென்று இரையுமே தவிர, சத்தம் ஏறாது. ஆகவே குறை எதில்? செட்டில். செட்டுக்குப் பவர் பத்தவில்லை.

சேந்தமங்கலத்து மெக்கானிக் ரமேஷ்குமாரிடம் போய், சத்தத்தைக் கூட்டத் தனியாக ஒரு பவர் ஆம்ப் சேர்த்தால் என்ன என்று கேட்டான்.

"ஊட்டுக்கு எதுக்குங்ணா அவ்வளவு பவரு? கோயில் திருவிழாவா நடத்தப் போறீங்க?" என்று சிரித்தார் ரமேஷ்குமார். "மலையில வோல்டேஜும் கிடையாது. உங்க பாக்ஸும் தாங்காது. யோசிச்சுக்கிட்டு வாங்க."

அவன் யோசித்தான். மிளகு பறிக்கும்போதும் யோசித்தான், கிழங்கு லாரிக்கு மூட்டை ஏற்றும்போதும் யோசித்தான். வோல்டேஜைப் பற்றியோ பாக்ஸைப் பற்றியோ அவன் கவலைப்படவில்லை. ஆம்ப் வாங்காத வரைக்கும் செட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கலாம். வாங்கி வைத்த பிறகும் அவள் திரும்பாவிட்டால் எதைக் குறை சொல்வது? அதனால்தான் சேலத்துக்கும் போகவில்லை, சேந்தமங்கலத்துக்கும் போகவில்லை. மழைக்காலம் முழுவதும் இப்படியே போயிற்று.

கடைசியில் பாப்பாத்திதான் பிடிவாதம் பிடித்தாள். "போட்டுத்தான் பாத்தரலாமுங்களே. புள்ளைக்குக் கேட்டுட்டா அது போதுமுங்க."

மூன்று பேரும் காலை பஸ்ஸில் இறங்கினார்கள். அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேல் ஒரு வளைவில் எதிரே வந்த லாரி ஏர்ஹாரனை அலறவிட்டது. பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வித்யாஸ்ரீ, சாலையோரச் சுவர் மேல் இருந்த குரங்கைக் காட்டிச் சிரித்தபடியே இருந்தாள். கருப்பண்ணன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

கடையில் ரமேஷ்குமார் ஒரு டெக்கைப் பவர் ஆம்போடு இணைத்து, ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டைத் தெருப்பக்கம் பார்த்து நிறுத்தினார். குழந்தையை உயரமான ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். பாட்டைப் போட்டுக் குமிழைத் திருகிக்கொண்டே போனார். அலமாரிக் கண்ணாடி கிடுகிடுத்தது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பி முறைத்தார்கள். ரமேஷ்குமார் சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் பொத்தினார். பாப்பாத்தியும் பொத்தினாள்.

வித்யாஸ்ரீ இரண்டு கைகளையும் தூக்கி, தன் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டுருச்சுங்க!" என்று பாப்பாத்தி கத்தினாள். "ஏனுங்க, பாருங்க, என் சாமிக்குக் கேட்டுருச்சு! வாங்கிரலாமுங்க!" காதைப் பொத்திய கையை எடுக்காமலே அவள் சிரித்தாள், கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

காதைப் பொத்தாமல் நின்றவன் கருப்பண்ணன் ஒருவன்தான். அவன் மகளின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முதலில் ரமேஷ்குமாரைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவைப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் கையைத் தூக்கினாள். பாக்ஸைக் கட்டிக்கொண்டு சிரித்ததும் கன்னத்தில் அதிர்ந்த கிச்சுகிச்சுக்குத்தான் என்பது அப்போது அவனுக்குப் புரிந்தது.

பேசாமல் இருந்துவிட்டால் என்ன? ஆம்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனால், இன்னும் கொஞ்ச காலம் பாப்பாத்தி இப்படியே சிரிப்பாள். அதற்குத்தான் அவனுடைய பாழாய்ப்போன மனம் ஆசைப்பட்டது. ஆனால் இந்த முறை குறை சொல்ல எதுவும் மிச்சமில்லை. செட் நல்ல செட்.

சத்தத்தைக் குறைக்கக் குமிழின் பக்கம் கை நீட்டிய ரமேஷ்குமாரை வேண்டாம் என்று தடுத்தான். பாப்பாத்தியிடம் போனான். அவள் மணிக்கட்டு இரண்டையும் பிடித்து, காதிலிருந்து மெல்லக் கீழே இறக்கினான். அவள் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தாள். அவன் ஸ்டூலைக் கண்ணால் காட்டினான்.

வித்யாஸ்ரீ அம்மாவின் கைகள் இறங்கியதைப் பார்த்தாள். உடனே தன் கைகளையும் இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, சரியா என்று கேட்பது போல இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

பாட்டு அதே சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் நின்ற கருப்பண்ணனுக்கே அந்த அழுகை கேட்கவில்லை.