ஆற்றில் விடாத பை

வசந்தி மேடத்தின் தம்பி சிதம்பரத்திலிருந்து போன் செய்தபோது, கடலூர் முதுநகரில் படகுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, அக்கா போயிட்டாங்க" என்றார்.

மேடத்தோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய படிப்பு தெரியும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மகள் இந்தக் கடிதத்தை எழுதுகிறாள். உப்பனாற்றில் அவர் தண்ணீர் எடுக்க வரும் திங்கட்கிழமைகளில் படகு ஓட்டியவன் நான். அன்று காலை இருவருமே காபி குடிக்க மாட்டோம். சோப்பு, பவுடர் எதுவும் கூடாது. "நாம முழுங்குறது, தேய்க்கிறது எல்லாம் கடைசியில ஆத்துக்குத்தான் மாமா வருது. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது. அதத்தான் தேடுறேன். நம்ம கையிலேருந்து பாட்டில்ல கலந்துடக் கூடாது" என்பார்.

ஒருநாள் நடு ஆற்றில் பாட்டிலைத் திறந்தவர் சட்டென்று மூடிவிட்டார்.

"தலைவலின்னு பஸ்ல தைலம் தேச்சிட்டேன் மாமா. இன்னிக்கு எடுத்தா தண்ணி என் நெத்தியத்தான் காட்டும். திருப்புங்க."

"இவ்ளோ தூரம் வந்துட்டு வெறும் பாட்டிலோடவா போவீங்க?"

"வெறும் பாட்டில் பொய் சொல்லாது. வாங்க, காபியாவது குடிப்போம்."

அவர் நோயில் படுத்தபின் பார்க்கப் போனேன். தலையணைக்குப் பக்கத்தில் அட்டை அட்டையாக மாத்திரைகள். "நான் முழுங்குறது என் வழியா ஆத்துக்குப் போறத தடுக்க முடியல. மிச்சம் இருந்தா அதையாவது தண்ணியில போட விடாதீங்க மாமா" என்றார்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், என் படகிலிருந்து தம்பி அவருடைய அஸ்தியைக் கரைத்தார். பிறகு மிச்சமிருந்த மாத்திரைகளின் பையையும் தண்ணீரில் போடத் தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது வேணாம் தம்பி."

"செத்தவங்க சாமான வீட்டுல வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க மாமா."

"என் வீட்டுல இருக்கட்டும்."

பையை என்னிடம் கொடுத்தார்.

மருந்துக்கடையில் வாங்க மறுத்துவிட்டார்கள். "குப்பையில போடுங்க பெரியவரே" என்றார்கள். எங்கள் பக்கத்துக் குப்பையை ஆற்றங்கரையில்தான் கொட்டுகிறார்கள். எங்கே கொடுப்பதென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பை என் வீட்டு ஆணியில் தொங்கும்.

திங்கட்கிழமை காலையில் இப்போதும் நான் காபி குடிப்பதில்லை. தண்ணீர் எடுக்கத்தான் யாரும் வருவதில்லை.