தென்னை மூட்டில் சாளை

தாறாவின் கழுத்து இவ்வளவு கனக்கும் என்று அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் எனக்குத் தெரியாது. அது நீந்துவதைப் பார்த்தால் கனமே இல்லாதது போலத்தான் தோன்றும். தன் தலையைத் தானே தூக்க முடியாமல் போன ஒன்றின் கழுத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்தால் மணிக்கட்டு நோகிறது. அதன் கண் மட்டும் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"கைய எடுத்திராதீங்கப்பா," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மகள். அவள் மடியில் இன்னொன்று. "எடுத்தா தலை தொங்கிரும். மூச்சு முட்டும்."

நான் கையை எடுக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட பிறகு எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான்.

எங்கள் பக்கம் வாத்தைத் தாறா என்றுதான் சொல்வோம். அருமனையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் வீடு. சுற்றிலும் ரப்பர், பின்புறம் ஏழு தென்னை, சில வாழை, தண்ணீர் தேங்க வெட்டிய ஒரு குழி. என் மனைவி செவிலி. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் வளைகுடாவுக்குப் போனபோது மகள் ஆறாம் வகுப்பு. அம்மா போன பிறகு பிள்ளை பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. கல்லூரி அலுவலகத்திலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேர்ந்ததும், "சாப்பிட்டியா மக்கா?" என்றால் "ம்". "ஸ்கூல்ல என்ன நடந்துது?" என்றால் "ஒண்ணுமில்ல". மனைவி அங்கிருந்து போனில், "அவ பேசுயாளா?" என்று தினமும் கேட்பாள். நானும் தினமும் பொய் சொல்வேன்.

அறுப்பு முடிந்த வயலில் தாறா மேய்க்க வந்த ஒருவரிடமிருந்து ஆறு குஞ்சுகளை ஒரு அட்டைப்பெட்டியில் வாங்கிவந்தேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. மகள் பேசத் தொடங்கினாள். முதலில் அவற்றோடு. பிறகு அவற்றைப் பற்றி என்னோடு. ஆறு தாறாவும் இருக்கும் வரைதான் எங்கள் வீட்டில் பேச்சு இருக்கும் என்ற பயம் அன்றிலிருந்தே என் உள்ளே கிடந்தது. ஒரு நாய் குரைத்தால்கூட எழுந்து போய்க் கூட்டைப் பார்த்துவிட்டு வருவேன்.

தாறா விடிகிற நேரத்தில்தான் முட்டையிடும். அதிகாலையில் திறந்துவிட்டால் போகிற வழியிலும் குழித் தண்ணீரிலும் போட்டுவிட்டு, போட்டதையே மறந்துவிடும். கோழி மாதிரி ஊரைக் கூட்டிச் சொல்லாது. அதனால் மகள் எட்டு மணிக்குத்தான் கூட்டைத் திறப்பாள். முட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, ஒரு பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதுவாள்: 'இன்று ஐந்து. ஒன்று லேசான பச்சை.' 'இன்று நான்கு. கால் கிழிந்தது இடவில்லை.' பாதத்துச் சவ்வு கிழிந்து கொஞ்சம் விந்தி நடக்கும் ஒன்று இருந்தது. மற்றவை எதையும் தின்று முடித்த பிறகுதான் அது போய்ச் சேரும். அதைத்தான் அவள் அப்படி எழுதுவாள்.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் ஒருநாள் காலை, எதையோ தவறவிட்டுவிடுவோம் என்பதுபோல இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு அவள் அடுக்களைக்கு வந்தாள். கையில் தோடு, அதாவது ஓடு, இல்லாத முட்டை. வெறும் தோல். தொட்டால் குழிந்தது.

"இது மூணாவதுப்பா. சுண்ணாம்புச் சத்து இல்ல. நாம மரச்சீனிக் கிழங்கும் சோறுமா போட்டா அது எங்கேருந்து தோடு உண்டாக்கும்? கக்காத் தோடு இடிச்சுப் போடணுமாம்."

கக்கா என்பது கழிமுகத்தில் அள்ளுகிற சிறு சிப்பி. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பட்டணம் போனேன். தாறாக்களின் நன்மைக்காகத்தான் போனேன் என்பதை இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கரையில் அன்று சாளை மீன் குவிந்து கிடந்தது. ஒரு பக்கம் வயிறு வெடித்து மென்மையாகிப்போன மீனைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் கக்காத் தோட்டைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்த ஒருவர், "சாரே, தெங்கு உண்டா வீட்டுல? இது கறிக்குக் கொள்ளாது, தெங்குக்குக் கொண்டு போவும். அடுத்த வருசம் தேங்கா தலையில விழுந்தா எனக்க மேல பழி சொல்லப்பிடாது," என்றார். நான் சிரித்தேன். எங்கள் தென்னைகளில் காய்ப்பு குறைந்துதான் இருந்தது. மீன் மலிந்தால் தென்னைக்கு உரமாகப் புதைப்பது எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் செய்வதுதான்.

ஒரு சாக்கை ஸ்கூட்டரில் ஏற்றிவைத்தவர் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "மூட்டில போட்டா மட்டும் போராது, மூடவும் செய்யணும், கேட்டியளா. முழங்கால் ஆழம். ஒரு படி கல்லுப்பு."

மரத்தின் அடியை நாங்கள் மூடு என்போம். வார்த்தை விளையாட்டாகச் சொன்னதால் அது மனதில் நின்றது. நின்றதோடு சரி.

வீட்டுக்கு வந்தபோது மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மூன்று மூட்டில் மண்வெட்டி போட்டேன். செம்பாறை கலந்த மண். ஒன்றரைச் சாண் இறங்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது; மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. மீனைக் கொட்டி மண்ணை இழுத்துவிட்டேன். வீட்டில் பாக்கெட் தூளுப்புதான் இருந்தது. கல்லுப்பை நாளைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவில்லை.

மாலையில் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அய்யே, ரப்பர் ஷீட் காயப் போட்டிருக்காங்களாப்பா?" பக்கத்துத் தோட்டத்து ஷீட்டின் நாற்றம் எங்களுக்குப் பழக்கம். நான் "ம்" என்றேன். மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. அரைகுறையாகச் செய்த வேலையைப் பற்றிப் பேச யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அன்று போனில் மனைவியிடம் மட்டும் பெருமையாகச் சொன்னேன், தென்னைக்குச் சாளை போட்டுவிட்டேன் என்று.

கக்காத் தோடு பலித்தது. மகள் அதை அம்மியில் வைத்து நொறுக்கிப் போட்டாள். சில நாட்களிலேயே முட்டைத் தோடு கெட்டியானது. மழை விடாமல் பெய்து மூட்டு மண்ணைக் கரைத்தது. தாறாக்கள் மூன்று தென்னை மூட்டையும் விட்டு நகரவில்லை; அலகைக் குத்திக் குத்தித் துழாவின. "புழு திங்குதுப்பா, பாத்தீங்களா? அதுக்கு அது ரொம்ப சத்தாக்கும்," என்றாள் மகள். அவள் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றாள். நான் வெளியே தேநீரோடு நின்றிருந்தேன். அவை வெள்ளைப் புழுக்கள் என்பதைப் பார்த்தேன். புழு தின்னாத பறவை உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நோட்டில் 'ஆறுக்கு ஆறு' என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை கூட்டைத் திறந்தபோது ஐந்துதான் வெளியே வந்தன. ஆறாவது எழுந்தது, இரண்டடி வைத்தது, உட்கார்ந்துவிட்டது. வேலியோரம் பால் வாளியோடு போன ரப்பர் வெட்டுகிற அண்ணன் எட்டிப் பார்த்தார். "எட்டி பிள்ளே, தாறாவுக்கு யாரு சாராயம் குடுத்தா? இந்த ஆட்டம் ஆடுது!"

"சிரிக்காதீங்க மாமா," என்றாள் மகள். அடுத்த அரைமணியில் அதன் இறகுகள் தளர்ந்தன. பிறகு கழுத்து.

நார்ப்பெட்டியில் துண்டு விரித்து அதை வைத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். கால்நடை மருத்துவமனையில் வெளியூரிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் கண்ணின் சவ்வைப் பார்த்தார்; காலை இழுத்துவிட்டுப் பார்த்தார்.

"அழுகின மீன், செத்த எலி, அந்த மாதிரி எதுவும் தின்னுச்சா?"

எனக்கு முன்னால் மகள் சொல்லிவிட்டாள். "இல்ல டாக்டர். நான் பாத்துப் பாத்துத்தான் குடுப்பேன்."

"புழு?"

"மண்புழு திங்கும். அது நல்லதுதானே?"

"மண்புழுதானே? வெள்ளைப் புழு இல்லையே?"

"இல்ல. மண்புழு."

டாக்டர் என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள், என் சாட்சிக்காக. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதுகூட இப்போது நினைவில்லை.

அழுகியதில் வளரும் புழுவில் விஷம் சேரும், அதைத் தின்றால் இப்படித்தான் கழுத்து விழும், அதனால்தான் கேட்டேன் என்றார் டாக்டர். இதற்கென்று மாற்று மருந்து எதுவும் இங்கே இல்லை. பேதியுப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம், தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம். முட்டையைச் சாப்பிட வேண்டாம். பிறகு, "மத்ததெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"வெளிய திறந்துதான் விட்டிருக்கு," என்றாள் மகள்.

போன் என் சட்டைப்பையில் இருந்தது. வாசலுக்குப் போய் ரப்பர் வெட்டுகிற அண்ணனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் பிடித்துக் கூட்டில் அடைத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன், எதற்கு என்று அவர் சத்தமாகக் கேட்பார். மகள் என் பின்னாலேயே வருவாள். சீட்டு எழுதும்வரை நின்றேன். மருந்துக்கு வரிசையில் நின்றேன். வழியில் ரயில்வே கேட் மாதிரி ஒன்றும் இல்லை, நெரிசலும் இல்லை. என்னைத் தடுத்தது எதுவுமே இல்லை. திரும்பி வந்தபோது ஐந்தும் மழைத்தூறலில் தென்னை மூட்டைச் சுற்றி நின்றன. நான்கு துழாவிக்கொண்டிருந்தன. கால் கிழிந்தது மட்டும் பின்னால் காத்து நின்றது.

மகள் பெட்டியை இறக்குவதற்குள் ஓடிப்போய் எல்லாவற்றையும் விரட்டி அடைத்தேன். மாலைக்குள் இன்னும் இரண்டுக்குக் கழுத்து விழுந்தது. பெட்டியில் இருந்ததன் தலைக்குத் துண்டை மடித்து அண்டை கொடுத்தோம்.

அப்படித்தான் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சுவரில் சாய்த்து வைத்த போனில் மனைவி வந்தாள். பணி உடுப்பில் இருந்தாள். மகள் போனை ஒவ்வொன்றின் மேலும் காட்டினாள்.

"அழாதே மக்களே. மூச்சு எப்பிடி இருக்கு? நெஞ்சு ஏறி இறங்குதா? சரி, தலையைக் கொஞ்சம் சரிச்சுப் பிடி," என்று நோயாளியைப் பார்ப்பது போலக் கேட்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "கேட்டியளா, அன்னைக்குக் கொண்டு வந்த சாளைய மண்ணில எங்க, எப்பிடித் தாத்திய?"

அங்கே அவ்வளவு தூரத்திலிருந்து அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"தென்னை மூட்டில," என்றேன்.

மகள் தலை நிமிர்த்தவில்லை. மடியில் இருந்ததன் அலகை விரலால் துடைத்துக்கொண்டே, "மூடல்லியாப்பா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். நோட்டில் எழுத விவரம் கேட்பது போலக் கேட்டாள்.

"கொஞ்சம் மூடினேன்."

"டாக்டர் கேட்டப்ப உங்களுக்குத் தெரியுமா?"

மனைவி போனில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"தெரியும்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு விழுந்தன. திங்கள் மதியத்துக்குள் ஐந்தும் போயின. ஒவ்வொன்றும் கடைசிவரை விழித்துக்கொண்டே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஐந்தையும் முழங்கால் ஆழத்துக்கு மேலேயே தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். மூன்று மூட்டிலும் மிச்சமிருந்த சாளையைத் தோண்டி எடுத்து, ஆழமாகப் போட்டு, கல்லுப்பைக் கொட்டினேன். இடுப்பு வலித்ததா என்று ஞாபகமில்லை. மகள் ஜன்னலில் நின்று பார்த்தாள். ரப்பர் வெட்டுகிற அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கால் கிழிந்தது பிழைத்தது. முந்திக்கொண்டு போகத் தெரியாததால் பிழைத்தது. ஆனால் முட்டை நின்றுவிட்டது. மகள் எட்டு மணிக்குக் கூட்டைத் திறக்கிறாள், நோட்டை எடுக்கிறாள், 'இன்று இல்லை' என்று எழுதுகிறாள். "சாப்பிட்டியா மக்கா?" என்றால் "ம்" என்கிறாள். போனில் மனைவி, "அவ பேசுயாளா?" என்று கேட்கிறாள். இப்போது நான் பொய் சொல்வதில்லை.

போன வாரம் ஒரு காலை அவள் கூட்டுப் பக்கமிருந்து இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு வந்தாள். தோடு இல்லாமல் வெறும் தோலோடு ஒரு முட்டை. ஸ்கூல் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவள் என் முன்னால் நின்று யோசித்தாள். பிறகு அதை என் கையில் வைத்தாள்.

"கக்காத் தோடு தீர்ந்து போச்சு," என்றாள். பையை மாட்டிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பினாள். "நான் வார வரைக்கும் உடைச்சிராதீங்க. பாக்கணும்."

வேன் போய்விட்டது. முட்டை இளஞ்சூடாக இருந்தது. மேசையில் வைத்தால் உருளும், கிண்ணத்தில் வைத்தால் விளிம்பு கிழிக்கும் என்று தோன்றியது. அன்று அலுவலகத்துக்குப் போக வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தேன்.