பத்து சென்டிமீட்டர் குறைந்த லேசர்

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி முட்டி முட்டித் திரும்பும். அந்த இடைவெளிக்குள் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்கினால்தான் அந்த அலைக்கு உயிர். மற்றவை ஒன்றையொன்று அடித்தே செத்துப்போகும். இடைவெளி முப்பது சென்டிமீட்டர் என்றால், பிழைக்கும் அலைவரிசைகள் ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி நிற்கும். என் இறுதியாண்டு புரோஜெக்டே அதைக் காட்டுவதுதான்.

காட்ட வேண்டிய நாளுக்கு முதல் நாள் ஆயுத பூசை. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் வீட்டு வாசலில் அண்ணன் தன் செம்பனைக் குலை ஏற்றும் லோரியைக் கழுவி, டயருக்கெல்லாம் சந்தனம் வைத்தான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மேசைக்கும் வந்துபோயிருந்தான். லேசர் குழாய் நல்லவேளை பெட்டிக்குள். குழாய்க்கு வெளியே நிற்கும் கண்ணாடியின் நட்ட நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

விரல் ரேகை பட்டாலே ஒளி அணைந்துவிடும் கண்ணாடி அது. கழற்றி வைத்தேன். இரண்டு கண்ணாடிகளையும் இடைவெளி விட்டு நிறுத்தும் முப்பது சென்டிமீட்டர் அலுமினியச் சட்டத்தை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்க?"

"லோரிக்கு வச்சா தங்கச்சி மிஷினுக்கும் வைக்கணும் லா. நாளைக்கு ஓடலன்னா என்னையத்தான் திட்டுவ."

வீசினேன். அவன் காதோரம் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. இரண்டாவது வீச்சைப் பிடித்து, சட்டத்தோடு என்னையும் லோரி பம்பரில் மோதினான். என் பல் உதட்டுக்குள் இறங்கியது. கையைக் கடித்தேன், அறைந்தான், விழுந்த பிறகும் உதைத்தேன். சட்டத்தின் ஒரு முனை வளைந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் இருவரும் நின்றோம்.

"நேராக்கித் தரவா?" காதைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

நேராக்கினாலும் கண்ணாடிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்காது. வளைந்த பத்து சென்டிமீட்டரை அறுக்கச் சொன்னேன். ரத்தம் சொட்டச் சொட்ட அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளினிக்குக்குப் போனான். நாலு தையல். நான் ஆல்கஹாலால் துடைத்ததில் கண்ணாடியின் நடுவில் கீறல் விழுந்தது. ஒளி ஓரத்தில் படும்படி நகர்த்திப் பொருத்தினேன். அந்தி சாய்வதற்குள் சிவப்பு எரிந்தது.

மறுநாள் பரீட்சகர் என் அறிக்கையில் ஐந்நூறையும் திரையில் எழுநூற்று ஐம்பதையும் மாறி மாறிப் பார்த்தார். இடைவெளி இப்போது இருபது சென்டிமீட்டர், நீளம் குறைந்தால் அலைவரிசைகள் விலகித்தான் நிற்கும் என்று கணக்கைப் போட்டுக் காட்டினேன். சரி, நீளம் ஏன் குறைந்தது என்றார்.

மீதியைக் கொண்டு அண்ணனை அடித்தேன் என்றேன்.

என் வீங்கிய உதட்டைப் பார்த்தார். அதையும் அறிக்கையில் எழுதச் சொன்னார். எழுதினேன், தேறிவிட்டேன்.