நான் திருப்பிப் பார்க்காத வசனம்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். சபையில் நாலு பேர் முன்னால் நின்று சாட்சி சொல்லக்கூட எனக்கு நாக்கு எழாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் எழுதுகிறேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். பக்கத்தில் ஒரு விடுதியில் துணி தேய்க்கும் வேலை எனக்கு. எங்கள் சபை சின்னது. தகரக் கூரை போட்ட ஒரே கூடம், அறுபது எழுபது பேர்.

ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் காலை ஆராதனை முடிந்தவுடன் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வருகிற வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தனக்குக் கொடுத்த வார்த்தை என்று எல்லோரும் நம்புவோம். கதவில் ஒட்டுவார்கள், ஆட்டோ கண்ணாடியில் ஒட்டுவார்கள், தலையணைக்கு அடியில் வைப்பார்கள். பெரிய சபைகளில் அச்சடித்த அட்டை வாங்குகிறார்கள். எங்கள் சபையில் நான் எழுதுவேன். எனக்குக் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக வரும். சார்ட் பேப்பரை வெட்டி, பழைய காலண்டர் தாள்களில் இருக்கும் வசனங்களைப் பார்த்து, கலர் ஸ்கெட்சில் எழுதி, ஓரத்தில் ஒரு பூ போடுவேன். பேசத் தெரியாத எனக்கு அதுதான் ஊழியம்.

சபையில் எனக்கு ஒரு அக்கா இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. மாமல்லபுரம் கோயில் பக்கம் தள்ளுவண்டியில் சங்கும் சிப்பி மாலையும் விற்பார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் எவ்வளவு பேசமாட்டேனோ அவ்வளவு பேசுவார். டூரிஸ்ட்டுகள் முன்னால் பெரிய சங்கை எடுத்து ஒரே மூச்சில் ஊதிக் காட்டுவார். போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். புருஷன் போனபிறகு ஒரே மகளை அந்த வண்டியை வைத்துத்தான் வளர்த்தார்.

அந்த டிசம்பரில் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுச் சமையலறையில் வைத்து, மார்பில் ஒரு கட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கோலிக்குண்டு போல இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, வருடம் பிறந்தவுடன் முதல் வேலையாகப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றார். அக்கா பயந்துபோனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜனவரி முதல் தேதி தட்டிலிருந்து அக்கா எடுத்த அட்டை, ஆறு துன்பங்களிலிருந்து தேவன் உன்னைத் தப்புவிப்பார், ஏழாவதிலும் தீங்கு உன்னைத் தொடாது என்ற பொருளில் வருகிற வசனம். ஊதா ஸ்கெட்சில் நான் எழுதியது. மூலையில் ஒரு செம்பருத்தி.

அக்கா அங்கேயே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். முதல் குழந்தை பிறந்து இறந்தது ஒன்று. கடல் வீட்டுக்குள் வந்தது இரண்டு. புருஷன் போனது மூன்று. வண்டி எரிந்தது நான்கு. பஸ்ஸில் அடிபட்டுக் கால் முறிந்தது ஐந்து. மகளின் நிச்சயதார்த்தம் நின்றுபோனது ஆறு.

"எண்ணிப் பாருமே, ஆறும் முடிஞ்சி போச்சி. இது ஏழு. இது என்னிய தொடாதுன்னு அவரே எழுதி அனுப்பிகிறாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது நினைத்தால் தோன்றுகிறது, உண்மையாக எண்ணியிருந்தால் அவர் வாழ்க்கையில் இருபதுகூட வந்திருக்கும். பட்டினியாகப் படுத்த நாட்களை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆறு வேண்டியிருந்தது, ஆறில் நிறுத்திக்கொண்டார். அன்று எனக்கும் அது தோன்றவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அடுத்த ஞாயிறு அக்கா சாட்சி சொன்னார். தங்கச்சி எழுதின அட்டையில் ஆண்டவர் என்னோடு பேசினார், நான் ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதில்லை என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். என் ஆயுசில் எனக்காக யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மார்ச்சில் அக்காவின் மகள் விடுதி வாசலில் வந்து காத்திருந்தாள். "சின்னம்மா, கட்டி பெருசா ஆயிகினே போவுது. நான் சொன்னா அம்மா அவிசுவாசம்னு திட்டுது. நீங்க சொன்னா கேக்கும். ஒரு வார்த்த சொல்லுங்க."

எனக்குள்ளும் பயம் இருந்தது. டாக்டரம்மாவின் முகம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஆனால் நானே எழுதிய வசனத்துக்கு எதிராக நானே எப்படிப் பேசுவது? கை தட்டினவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஜெபம் பண்ணலாம்மா" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

வெயில் காலம் போனது. அக்காவின் இடது கை வீங்கியது. சேலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, அதிகமாகப் பவுடர் போட ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்தால் பவுடரையும் மீறி ஒரு வாடை வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் பெண்கள் கூட்டத்தில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அந்த அட்டையைப் பற்றியே பேசுங்கள் சிஸ்டர் என்றார்கள். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். பேச்சைக் குறைக்க ஒரு வழி யோசித்தேன். வசனம் வரும் அதிகாரத்தையே வாசித்துவிட்டால் பாதி நேரம் ஓடிவிடும். அதற்காகத்தான், எழுதிய அந்த வசனத்தை முதல் தடவையாக வேதத்தில் திருப்பிப் பார்த்தேன். வருடம் தவறாமல் அட்டை எழுதுகிறேன், ஒரு வசனத்தையாவது அது இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தேய்க்கும் மேஜையில் வேதத்தை விரித்து வைத்தேன். அது தேவன் சொன்ன வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடம் அவருடைய சிநேகிதர் ஒருவர் சொன்னது. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவரைப் பார்த்து, தீங்கு உன்னைத் தொடாது என்கிறார். ஒருவேளை பிறகு சரியாக வருமோ என்று நாலு நாள் சாப்பாட்டு நேரத்தில் கடைசிவரை வாசித்தேன். முடிவில் தேவனே அந்தச் சிநேகிதரிடம், நீயும் உன் சிநேகிதர் இருவரும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்த புதிதில் ஏழு நாள் வாய் திறக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் என்று எனக்குப் பட்டது.

கூட்டத்துக்கு நான் போகவில்லை. அன்று சாயங்காலம் அக்காவின் வண்டிக்குப் போனேன்.

காற்று பலமாக இருந்தது. டூரிஸ்ட் கூட்டம் இல்லை. அக்கா பிளாஸ்டிக் ஸ்டூலில் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமே, மூஞ்சி ஐஸு மீனு மாரி கீது? வூட்ல சண்டையா?"

"அக்கா, அந்த அட்டை..." என்று ஆரம்பித்தேன். "அது ஆண்டவர் சொன்னது இல்லக்கா. உடம்பெல்லாம் புண்ணா உக்காந்திருந்த ஒரு மனுஷர்கிட்ட அவரோட சிநேகிதர் ஒருத்தர் சொன்னது."

"வேதத்துலதான கீது?"

"வேதத்துலதான் இருக்கு. ஆனா அந்தச் சிநேகிதர் சரியா பேசலன்னு கடைசியில ஆண்டவரே சொல்றாரு."

அக்கா சங்குகளைப் பார்த்தபடி இருந்தார். "எழுதும்போது உனுக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா. காலண்டரப் பாத்து எழுதினேன். திருப்பிப் பாக்கல."

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. சங்கு சத்தம் வருமா, ஊதிக் காட்டுங்கள் என்றார்கள். அக்கா பெரிய சங்கை எடுத்தார். உதட்டுவரை கொண்டுபோனார். பிறகு இறக்கி, "நீங்களே ஊதிப் பாருங்க சார், நல்லா வரும்" என்று நீட்டினார். அவர்கள் ஊதினார்கள், வரவில்லை. வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனபிறகு அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்புறம் இன்னா ஆச்சி, அந்தப் புண்ணு புடிச்ச மனுஷனுக்கு?" என்று கேட்டார்.

"தப்பாப் பேசின சிநேகிதருங்களுக்காக அவரையே ஜெபம் பண்ணச் சொல்றாரு ஆண்டவர்."

"பண்ணாரா?"

"பண்ணாரு."

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "நல்லா கீதே நாயம்! புண்ணும் அவனுக்கு, ஜெபமும் அவனேவா?"

ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "குனி" என்றார். இடது கை எழவில்லை. வலது கையை என் தலையில் வைத்தார். அந்த ஜெபம் எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "ஆண்டவரே, இவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவ மேல கோவம் வெக்காத. நாளைக்குக் காலைல செங்கல்பட்டு பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்கணும். ஆமென்."

வண்டியில் வைத்திருந்த தன் வேதத்தைத் திறந்து, அட்டையோடு சேர்த்து வைத்திருந்த டாக்டரம்மாவின் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். எட்டு மாதம் மடித்தே கிடந்ததில் மடிப்பு கிழிந்திருந்தது. அட்டையை மறுபடியும் உள்ளேயே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊசி போட்டார்கள், முடி கொட்டியது. டிசம்பர் முதல் வாரத்தில் அக்காவை அடக்கம் செய்தோம். ஜனவரியிலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அக்காவின் மகள் என்னை இன்னும் சின்னம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் என் வீட்டுக்கு வருவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாஸ்டர் சார்ட் பேப்பரோடு வந்தார். இனிமேல் என்னால் முடியாது என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சார்ட் பேப்பரைக் கீழே வைத்தார். "அந்த வசனத்த நானும் எத்தனையோ வீட்டுல சொல்லி ஜெபம் பண்ணியிருக்கேம்மா" என்றார். கடைசியில் இருவரும் சேர்ந்து எழுதினோம். ஒவ்வொரு வசனத்தையும் திருப்பி, முன்னும் பின்னும் வாசித்து, அட்டையின் அடியில் இதை யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னார் என்று ஒரு வரி சேர்த்தோம். காலண்டரிலிருந்து எடுத்ததில் பாதிக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்தது. முன்பு ஒரே நாளில் முடிகிற வேலைக்கு இரண்டு வாரம் ஆனது. புது வருடத்தன்று ஒரு சிஸ்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கு இவ்ளோ பொடி எழுத்து? போன தபா பூவெல்லாம் போட்டு நல்லா இருந்துச்சே" என்றார்.

கேள்வி கேட்காமல் இருப்பதுதான் விசுவாசம் என்று நாற்பத்தெட்டு வயதுவரை நினைத்திருந்தேன். இப்போது எந்த வசனத்தைப் பார்த்தாலும், யாராவது எதையாவது உறுதியாகச் சொன்னாலும், இதை யார், யாரிடம், எதற்காகச் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், எட்டு மாதம் தாமதமாகத்தான் கேட்கிறேன் என்று மனதில் படுகிறது.

அக்கா எனக்காக ஜெபம் பண்ணியதற்கு மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆறரை மணி பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சீட்டில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, ஏன் இத்தனை மாதமாக வரவில்லை என்று கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமல், "யாவாரத்த வுட்டுட்டு வர முடியலீங்க" என்றார்.